ஏழாம் மேட்டுக் கடா

மாலை ஐந்து நாற்பது.
ஏழாம் மேட்டிலிருந்து நெமேசியோ ஒரு கடாவைக் கண்டான்:
தனி, கறுப்பு, காதோரம் சேறு.
ஐந்து நாற்பத்தாறு.
பள்ளத்துக்கு அந்தப்புறம், ஒன்பதாம் மேட்டில்
பெல்மிரா ஒரு கடாவைக் கண்டாள்:
தனி, கறுப்பு, சேறு தெரியவில்லை,
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

இரவு, கூடாரத்தில்,
சோற்றுக்கும் கருவாட்டுக்கும் நடுவே தாள்கள் விரிந்தன.
ஒன்றா, இரண்டா?

மிந்தோரோ மலையில் தமராவை
ஆண்டுக்கொருமுறை இப்படித்தான் எண்ணுகிறார்கள்.
மேட்டுக்கு மேடு ஆள், அந்தியிலும் விடியலிலும்,
கையில் பென்சில்
(பேனா மழைக்கு அழும்).
இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத எருமை.
இடுப்புயரம். கொம்பு சுற்றி வளையாது,
இரண்டு விரலை விரித்ததுபோல் பின்னோக்கிப் போகும்.

"ஆறு நிமிடத்தில் அந்தப் பள்ளத்தை
ஒரு கடா தாண்டுமா?"
"நாய் துரத்தினால் நீயே தாண்டுவாய்."

ஹெர்மின் லகிம்பு சிரித்தாள்.
சுலவேசியிலிருந்து வந்தவள்;
அவள் ஊரில் இந்தக் கேள்விக்கு நரை விழுந்துவிட்டது.
அனோவா என்றொரு குட்டை எருமை.
தாழ்காட்டில் ஓர் இனம், மலைமேல் ஓர் இனம் என்று ஒரு கட்சி.
ஒரே இனம்தான், ஏறி இறங்குகிறது என்று எதிர்க்கட்சி.
அவளிடம் பெட்டி நிறைய மண்டையோடுகள்:
மேட்டில் எடுத்தது தாழ்நிலத்துப் பெயரோடு,
சந்தையில் வாங்கியது எந்தப் பெயரும் இல்லாமல்.
"எலும்பைக் கேட்டால்
கேட்டவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது."

பேச்சு கடல் தாண்டியது.
அசாமின் கோரைக்குள், கோசி ஆற்றின் திட்டுகளில்
இன்னும் காடு விட்டு இறங்காமல் நிற்கிற பெரியது;
அதன் கொம்புகளை அளக்க இரண்டு ஆள் வேண்டும்.
அந்த வழியில் எப்போதோ ஏருக்கு இறங்கிய கராபாவோ
கீழே வயலில் நெமேசியோவின் மாமனாரிடம் இருக்கிறது,
பெயர் கேப்டன்.
ஆப்பிரிக்கப் புல்வெளியில், நெற்றியே கொம்பாகி,
யாருடைய ஏரையும் இழுக்காத கோபக்காரப் பங்காளி.
செபுத் தீவின் சுரங்கத்தில் அகப்பட்ட சில எலும்புகள்;
பெயர் வைத்த அன்று
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அமெரிக்க பஃபலோ எருமையே அல்ல என்று
பெல்மிரா சொன்னதை நெமேசியோ ஏற்கவில்லை.
அவன் தொப்பியில் அந்தப் படம்.

நாம் மட்டும் என்ன?
மேற்கு மலையில் வெள்ளைக் காலுறை போட்டு நிற்பதைக்
காட்டெருமை என்கிறோம். அது மாட்டுச் சாதி.
ஆமா என்ற பழஞ்சொல்
அதை ஆவின் பந்தியில்தான் உட்கார வைத்திருந்தது.
அந்தச் சொல்லை இப்போது
தலையாட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

தாவ்புயித் வழிகாட்டி லிக்டாய்
புகைக்குழாயைக் கல்லில் தட்டினான்.
தாளில் அவனுக்கென்று கட்டம் இல்லை.
"ஒன்பதில் நின்றது
முன்னங்கால் இடதை ஊன்றவில்லை" என்றான்.
"ஏழில் நின்றதன் காலைப் பார்த்தாயா?"
நெமேசியோ பார்த்தது கொம்பை.
கால் புல்லுக்குள் இருந்தது.

சந்தேகம் வந்தால் ஒன்று. அதுதான் விதி.
பெல்மிரா ஒன்று என்று எழுதினாள்,
அழுத்தாமல்,
பக்கத்தில் ஓர் இலக்கம் கொள்ளும் இடம் விட்டு.

விடியல். மூடுபனி.
நால்வரும் ஏழாம் மேட்டில்.
புல் விலகாமலே ஒரு கொம்பு மேலே வந்தது.
ஒன்றுதான்.
பக்கவாட்டில் நின்றால் ஒரு கொம்பு
இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.
பென்சிலை யாரும் எடுக்கவில்லை.
தலையைத் திருப்பட்டும்.